வீட்டுப் பெரியவர்களின் வயதை வைத்து வரலாற்றைப் படிப்பது எப்படி

முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை. சின்ன வயதில் இதை நூறு தடவையாவது கேட்டிருப்போம். யாராவது நொடித்துப் போனாலும் சொல்வார்கள், யாராவது திடீரென்று மாடி வீடு கட்டினாலும் சொல்வார்கள். இந்த முப்பது சும்மா வந்து விழுந்த எண் இல்லை, அப்பன் கையிலிருந்து மகன் கைக்குச் சாவிக்கொத்து மாற ஆகும் காலம் அது. வீட்டுக்குள் நடக்கும் இந்தக் கைமாற்றம்தான் நாட்டிலும் பெரிய அளவில் நடக்கிறது என்று நான் நம்புகிறேன். நம்பினால் போதாது, சரிபார்க்கவும் முடியும். அதற்கு ஒரு நோட்டும், வீட்டில் நாலு பெரியவர்களும், இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் இருந்தால் போதும். எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

முதலில், எதைத் தேடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். வரலாறு செக்கு மாடு மாதிரி ஒரே தடத்தில் சுற்றுவதில்லை. ஆனால் ஒரு மனிதருக்கு 15 வயதிலிருந்து 25 வயதுக்குள் என்ன நடக்கிறதோ அது அவருக்குள் உறைந்துவிடுகிறது. எதற்குப் பயப்பட வேண்டும், யாரை நம்பலாம், எது அநியாயம் என்பதெல்லாம் அந்த வயதில்தான் முடிவாகிறது. அதே ஆள் 45, 50 வயதில் குடும்பத்திலோ கட்சியிலோ அரசாங்கத்திலோ முடிவெடுக்கும் இடத்துக்கு வரும்போது, முப்பது வருஷத்துக்கு முந்தைய சம்பவம் சட்டமாகவோ திட்டமாகவோ திரும்பி வருகிறது. அப்புறம் இன்னொரு முப்பது, நாற்பது வருஷத்தில் அதை நேரில் பார்த்த கடைசி ஆளும் போய்ச் சேருகிறார், அவரோடு அந்த எச்சரிக்கையும் போய்விடுகிறது. உங்கள் நோட்டில் தேட வேண்டியது இந்த மூன்று புள்ளிகளைத்தான்: பட்ட வயது, அதிகாரம் வந்த வயது, மறந்துபோன வருஷம்.

வயதைக் கண்டுபிடிக்கும் வேலை

நோட்டைக் குறுக்கே வைத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் ஆட்களின் பெயர், மேலே வருஷங்கள். ஆரம்பத்திலேயே ஒரு சிக்கல் வரும், பெரியவர்கள் யாருக்கும் சரியான பிறந்த தேதி தெரியாது. சர்டிபிகேட்டில் இருப்பதை நம்பாதீர்கள். வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்ட காலம் அது. வாத்தியார் ஜூன் மாதத்தில் ஏதாவது ஒரு தேதியைப் போட்டுவிடுவார். எங்கள் அப்பாவின் சர்டிபிகேட்டுக்கும் ஜாதகத்துக்கும் இரண்டு வருஷம் வித்தியாசம், ஒரு ஊரில் பாதிப் பேர் ஒரே தேதியில் பிறந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

அதனால் தேதியைக் கேட்காதீர்கள், சம்பவத்தை வைத்துக் கேளுங்கள். "தனுஷ்கோடி புயல் அடிச்சப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டால் உடனே பதில் வரும், அது 1964 டிசம்பர். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி, இந்திரா காந்தி சுடப்பட்டது 1984 அக்டோபர், எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர், சுனாமி 2004 டிசம்பர். இந்த ஐந்தும் தமிழ்நாட்டில் அநேகமாக எல்லா வீட்டிலும் வேலை செய்யும். அப்போது யார் இடுப்பில் இருந்தது, யார் வயிற்றில் இருந்தது, எந்த மாடு கன்று போட்டிருந்தது என்று பாட்டிகள் சொல்லும் விவரத்தை வைத்து ஆறு மாதம் முன்னே பின்னே பிறந்த தேதியைப் பிடித்துவிடலாம். டெல்டாக்காரர்கள் 1952 புயலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தமிழ்க் குடும்பம் என்றால் 1958 கலவரம், 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, 1983 ஜூலை ஆகிய மூன்றையும் வைத்துக் கேட்கலாம்.

இன்னும் பழைய ஆட்கள் தமிழ் வருஷப் பெயரில் சொல்வார்கள். மாற்றுவது சுலபம். பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள், பஞ்சாங்கத்தில் வரிசையாக இருக்கும். அந்த வரிசை எண்ணோடு 1926ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் வந்துவிடும். தாது பத்தாவது, ஆகவே 1936. சர்வசித்து இருபத்தொன்றாவது, ஆகவே நாடு சுதந்திரம் அடைந்த 1947. ஆனால் இரண்டு இடத்தில் கவனம் தேவை. தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால், அந்த வருஷத் தையில் பிறந்தவர் ஆங்கிலக் கணக்கில் அடுத்த வருஷத்துக்குப் போய்விடுவார். அதைவிடப் பெரிய சங்கதி, இதே பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். "தாது வருஷப் பஞ்சம்" என்று ஒரு பாட்டி சொன்னால் அது 1936 இல்லை, 1876. அவர் கண்ணால் பார்த்ததும் இல்லை, அவருடைய பாட்டி சொல்லக் கேட்டது. இப்படி எது நேரில் பட்டது, எது காதில் விழுந்தது என்று பிரிப்பதுதான் இந்த வேலையின் பாதி. நேரில் பட்டதை ஒரு நிறத்திலும் கேட்டதை வேறு நிறத்திலும் எழுதுங்கள்.

எங்கள் அப்பத்தா பிரசோற்பத்தி வருஷம் பிறந்தவர். அது ஐந்தாவது பெயர், ஆக 1931. அப்பா விஜய வருஷம், 1953. நான் ரௌத்திரி, 1980. சின்னத் தாத்தா, அதாவது தாத்தாவின் கடைசித் தம்பி, பார்த்திப வருஷம், 1945. இங்கேதான் பலர் தப்பு பண்ணுவார்கள். முறையில் அவர் தாத்தா, ஆனால் என் அப்பாவைவிட எட்டு வயதுதான் மூத்தவர். நம் குடும்பங்களில் பத்துப் பிள்ளை பெற்ற வீடு, இரண்டாம் தாரம், அக்கா மகளைக் கட்டிய தாய்மாமன் என்று எல்லாம் உண்டு, அண்ணன் மகனைவிட இளைய சித்தப்பாவும் உண்டு. அதனால் முறையை வைத்துத் தலைமுறை பிரிக்காதீர்கள், பிறந்த வருஷத்தை மட்டும் பாருங்கள். கொள்ளுப்பேரன் எள்ளுப்பேரன் என்று உறவை எழுதுவதற்கு வேறொரு பக்கம் வைத்துக்கொள்ளலாம். அம்மா வழியில் எண்ணினால் ஒரு தலைமுறைக்கு இருபது, இருபத்திரண்டு வருஷம்தான் வரும், அப்பா வழியில் முப்பதுகூட ஆகும். நாலு தலைமுறை தாண்டினால் இரண்டு வழிக்கும் முப்பது வருஷம் வித்தியாசம் விழும், அதையும் மனதில் வையுங்கள்.

ஜாதகம் இல்லாத வீடுகளில் பத்திரம் பாருங்கள், மைனர் என்று எழுதியிருந்தால் அதுவே ஒரு தடயம். பழைய கல்யாணப் பத்திரிகை, புகைப்படத்தின் பின்பக்கம் எழுதிய தேதி, மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேடு, கப்பல் ஏறிப் போன ஆட்களின் பழைய பாஸ்போர்ட் எல்லாமே உதவும்.

அரிசியை வைத்து ஒரு பாடம்

இனி ஒவ்வொருவருக்கும் 15 முதல் 25 வயது வரை உள்ள கட்டங்களைப் பென்சிலால் தீட்டி நிரப்புங்கள். அந்தப் பத்து வருஷத்தில் ஊரில், நாட்டில் என்ன நடந்தது என்று மேலே எழுதுங்கள். ஆனால் புத்தகத்தில் இருக்கும் பெரிய சம்பவத்தை மட்டும் எழுதினால் ஒன்றும் கிடைக்காது, வீட்டுக்குள் அது எந்த வழியாக வந்தது என்று கேட்க வேண்டும். அப்பத்தாவிடம் நான் இரண்டாம் உலகப்போர் பற்றிக் கேட்டபோது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "பர்மா அரிசி வராமப் போச்சே, அப்ப என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டதும் ஒரு மணி நேரம் பேசினார்.

விஷயம் இதுதான். அன்றைய சென்னை மாகாணம் பர்மாவிலிருந்து நிறைய அரிசி வாங்கிக்கொண்டிருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் ரங்கூனில் குண்டு போட்டது, 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, அரிசிக் கப்பல் நின்றது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை வழியாக நடந்தே திரும்பினார்கள், வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அப்பத்தாவின் பெரியப்பா அப்படி நடந்து வந்தவர்களில் ஒருவர். வாசலில் வந்து நின்ற மனிதரை வீட்டுக்காரர்களுக்கே அடையாளம் தெரியவில்லையாம், கேட்டது தண்ணீரும் சோறும். சோறு இல்லை, கேப்பைக் கூழ்தான் இருந்தது. அவர் அதைக் குடித்துவிட்டுச் சட்டியை விரலால் வழித்ததை அப்பத்தா என்னிடம் கையால் செய்து காட்டினார், அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது.

அந்தப் பத்து வயதுப் பெண் சாகும் வரை தினமும் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டார். வீட்டில் குலுக்கை நிறைய நெல் இருந்த வருஷங்களிலும் அதை நிறுத்தவில்லை. அம்மா கல்யாணம் ஆகி வந்த புதிதில் மாமியாருக்குப் பயந்து பிடி அரிசி எடுத்தார், பிறகு வெள்ளி செவ்வாய் மட்டும் எடுத்தார். நான் ரேஷன் கடையும் சத்துணவும் இருந்த காலத்தில் வளர்ந்தவன், எனக்குப் பிடி அரிசி என்பது ஒரு சொல். என் மகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. நாலு தலைமுறையில் ஒரு பயம் எப்படி வழக்கமாகி, சடங்காகி, சொல்லாகி, மறைந்தது என்பதை ஒரு பானையை வைத்தே பார்த்துவிடலாம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பொருள் கட்டாயம் இருக்கும். பூட்டி வைத்த பெட்டி, தூக்கிப் போடாத பிளாஸ்டிக் பை, எப்போதும் உள்பக்கம் தாழிட்ட கதவு என்று எதுவாகவும் இருக்கலாம். அதைத் தேடி, முதலில் யார், எந்த வயதில் ஆரம்பித்தார் என்று கேளுங்கள்.

இப்போது அந்தக் கட்டங்களிலிருந்து 25, 30 வருஷம் வலது பக்கம் தள்ளிப் போங்கள். 1967 தேர்தல் வரும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று வருஷங்களில் தமிழ்நாட்டில் மறுபடி அரிசித் தட்டுப்பாடு. தி.மு.க. "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றது. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி திட்டத்தைத் தொடங்கியது. பலர் அந்த வாக்குறுதியை ஒரு தேர்தல் தந்திரமாக மட்டும் எழுதுகிறார்கள். 35 வயதில் ரேஷன் வரிசையில் நின்ற எங்கள் அப்பத்தாவுக்கு அது தந்திரமாகப் படவில்லை, அவருக்கு அந்த வரிசை முதல் வரிசை இல்லை. சின்ன வயதில் ஒருமுறை பார்த்தது திரும்பி வருகிறது என்ற பயம் அந்த வயதுக்காரர்கள் எல்லாருக்கும் இருந்தது. இந்தப் பயத்தின் அளவை விலைவாசிப் பட்டியல் சொல்லாது, நோட்டில் உள்ள வயதுதான் சொல்லும்.

சின்னத் தாத்தாவின் கதை வேறு. 1965 ஜனவரியில் அவருக்கு 19 வயது, மதுரையில் கல்லூரி மாணவர். ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்றாகப் போகிறது, முந்தைய நாள் மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் தொடங்கிய கைகலப்பு மாநிலம் முழுவதும் பற்றிக்கொண்டது. அவர் அரிசியைப் பற்றிப் பேசவே மாட்டார், மொழியைப் பற்றித்தான் பேசுவார். அப்போது ஓட்டுப் போடும் வயது 21, 1967தான் அவருடைய முதல் ஓட்டு. அவருக்குச் சுதந்திரப் போராட்டம் பாடப்புத்தகம், காங்கிரஸ் என்றால் அரசாங்கம், அவ்வளவுதான். ஒரே வீட்டில் அண்ணியும் கொழுந்தனும் வேறு வேறு காரணத்துக்காக ஒரே சின்னத்தில் முத்திரை குத்தினார்கள்.

என் அனுபவத்தில் ஆட்சி மாறுவதும் பெரிய திருப்பங்களும் ஒரு தலைமுறையின் கோபத்தால் மட்டும் வருவதில்லை. வயதில் மூத்தவர்களின் பழைய பயமும் இளைஞர்களின் புதிய கோபமும் ஒரே பக்கம் சாயும்போது வருகிறது. உங்கள் நோட்டில் இந்தச் சாய்வைத் தேடுங்கள். ஒரு நெடுக்குக் கோட்டில் இரண்டு தலைமுறைக்கும் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தலைவர்களின் வயதையும் ஒரு வரிசையில் எழுதுங்கள்

வீட்டு ஆட்களுக்குக் கீழே, அந்தக் காலத்துத் தலைவர்களுக்கும் இரண்டு மூன்று வரிசை ஒதுக்குங்கள். இவர்களின் பிறந்த தேதி தெரியும் என்பதால் வேலை சுலபம்.

காமராசர் 1903ல் பிறந்தவர், 1919ல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தபோது அவருக்கு 15 வயது. உப்பு சத்தியாகிரகத்தில் சிறை போனபோது 27 ஆகவில்லை. 1954ல் முதலமைச்சர் ஆனபோது வயது 50. அடுத்து மொழிப் போராட்டக்காரர்களைப் பாருங்கள். 1938ல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது அண்ணாவுக்கு 28, நெடுஞ்செழியனுக்கு 18, அன்பழகனுக்கு 15, கருணாநிதிக்கு 14. சரியாக 29 வருஷம் கழித்து, 1967ல், அந்தப் பையன்கள் அதிகாரத்துக்கு வருகிறார்கள். 1938ல் அவர்களுக்குள் உறைந்ததுதான் 1968ல் இருமொழிக் கொள்கையாக வந்தது. இதை ஏதோ கொள்கை விளக்கம் என்று மட்டும் படித்தால் புரியாது, திருவாரூரில் கொடி பிடித்த 14 வயதுப் பையன் 44 வயதில் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று பார்த்தால் சட்டென்று புரியும்.

எனக்கு இன்றும் மனம் கனக்கும் இடம் ஒன்று இந்தப் பக்கத்தில் இருக்கிறது. காமராசர் ஆட்சியில் கிராமம் கிராமமாகப் பள்ளி திறந்தார்கள், மதிய உணவு போட்டார்கள். அந்தப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளில் ஒரு பங்கு 1960களின் நடுவில் கல்லூரி வாசலுக்கு வந்தது. குடும்பத்திலேயே முதல் பட்டதாரிகள், கூட்டமாக ஒரே இடத்தில், ஒரே வயதில். 1967ல் விருதுநகரில் காமராசரையே தோற்கடித்தவர் சீனிவாசன் என்ற மாணவர் தலைவர், வித்தியாசம் சொற்ப ஓட்டுகள். ஒரு தலைமுறை தன் கையால் படிக்க வைத்த தலைமுறைதான் அதை வீட்டுக்கு அனுப்பியது. சின்னத் தாத்தாவும் அந்த மதிய உணவைச் சாப்பிட்டவர்தான். கடைசி வரை காமராசரைப் பெயர் சொல்லிப் பேச மாட்டார், "பெரியவர்" என்றுதான் சொல்வார். ஆனால் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டார்.

இதே முறையை இலங்கையில் வைத்துப் பாருங்கள், இன்னும் கடுமையாகத் தெரியும். 1940களின் நடுவில் அங்கே இரண்டு காரியங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தன. 1945ல் இலவசக் கல்வி வந்தது. அதை ஒட்டி டிடிடி பூச்சிமருந்து தெளித்து மலேரியாவை ஒடுக்கியதில் சாவு எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது, பிறந்த பிள்ளைகள் பிழைத்தன. இரண்டுமே நல்ல காரியங்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் படித்து முடித்து 1960களின் கடைசியில் வெளியே வந்தபோது வேலை இல்லை. தெற்கே சிங்கள இளைஞர்கள் 1971 ஏப்ரலில் ஆயுதம் எடுத்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் 25 வயதைத் தாண்டாதவர்கள். அதே சமயத்தில் தமிழ் மாணவர்களுக்குப் பல்கலைக்கழக வாசலில் தரப்படுத்தல் என்ற சுவர் வந்தது, அதாவது இடம் கிடைக்க அவர்கள் கூடுதல் மதிப்பெண் வாங்க வேண்டும் என்ற முறை. 1956ல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோது கைக்குழந்தையாகவோ பள்ளிக்கூடப் பிள்ளையாகவோ இருந்தவர்கள் அவர்கள். இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகம் 1898ல் பிறந்தவர், அவர் தலைமுறை சத்தியாகிரகத்தை நம்பியது, 1957ல் பிரதமர் பண்டாரநாயக்கவோடு போட்ட ஒப்பந்தம் அடுத்த வருஷமே கிழிந்தது. அவர் 1977ல் இறந்தபோது பேச்சுவார்த்தையை நம்பிய தலைமுறையும் களத்தைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. வடக்கு, தெற்கு இரண்டிலும் ஒரே வயது, ஒரே இலவசக் கல்வி, ஒரே வேலையின்மை. தமிழர்களுக்கு அதன்மேல் மொழியும் இனமும் சேர்ந்த காயம். பிறந்த வருஷத்தை எழுதிப் பார்க்காமல் இந்த இரண்டு எழுச்சிகளையும் பக்கத்தில் வைத்துப் புரிந்துகொள்வது கஷ்டம்.

ஏமாந்துவிடக் கூடாத இடங்கள்

பூமர், மில்லினியல், ஜென் இசட் என்ற பெயர்களை நோட்டில் எழுதாதீர்கள். பூமர் என்பது அமெரிக்காவில் போர் முடிந்து சிப்பாய்கள் வீடு திரும்பியபின் 1946 முதல் 1964 வரை கூட்டமாகப் பிறந்தவர்களுக்கு வைத்த பெயர். இங்கே அப்படிப் போரால் பிறப்பு கூடவில்லை, பிறப்பு எப்போதும்போல இருக்க, சாவு குறைந்ததால்தான் ஜனத்தொகை பெருகியது. உங்கள் ஊருக்குப் பொருந்தும் பெயரை நீங்களே வையுங்கள். எங்கள் ஊர் நோட்டில் பர்மாத் தலைமுறை, ரேஷன் கூப்பன் தலைமுறை, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டத்தால் சத்துணவுத் தலைமுறை, அப்புறம் வீட்டுக்கு ஒரு இன்ஜினியர் தலைமுறை என்று வருகிறது. கண்மாயில் குளித்து வளர்ந்தவர்கள், போர்வெல் தண்ணீரில் வளர்ந்தவர்கள் என்றுகூடப் பிரிக்கலாம், சொல்லப்போனால் அதுதான் எங்கள் பக்கம் மற்ற எல்லாப் பிரிவினையையும்விடப் பெரிது.

எண்பது வருஷத்துக்கு ஒருமுறை பெரிய நெருக்கடி வரும் என்று ஒரு கணக்கு உலவுகிறது. அமெரிக்காவில் 1776 விடுதலை, 1861 உள்நாட்டுப் போர், 1941 உலகப்போர் என்று அடுக்கினால் பொருந்துகிற மாதிரித்தான் இருக்கும். வேறு நாட்டுக்குப் போனால் உதைக்கும். சரிபார்க்க நம்மிடமே ஓர் அளவுகோல் இருக்கிறது. தாது வருஷம் என்றால் பஞ்சம் என்று பயந்தவர்கள் உண்டு, 1876ல் வந்தது அப்படி. அடுத்த தாது 1936லும் அதற்கடுத்தது 1996லும் வந்தன, பஞ்சம் வரவில்லை. பஞ்சத்துக்குச் சமமான தட்டுப்பாடு வந்தது 1942, 43ல், அதுவும் கப்பல் நின்றதால். யாராவது ஒரு சுழற்சிக் கணக்கைச் சொன்னால் இப்படி இரண்டு முறை முன்னே தள்ளிப் பாருங்கள், அப்புறம் நம்பலாமா என்று முடிவு செய்யுங்கள்.

14ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் பிறந்த இப்னு கல்தூன் ஓர் அரச வம்சத்தின் பெருமை நாலு தலைமுறையில் தேய்ந்துவிடும் என்று எழுதினார். கட்டியவனுக்கு அதன் கஷ்டம் தெரியும், மகன் அதைப் பக்கத்திலிருந்து பார்த்திருப்பான், பேரன் பார்த்துப் பழகியதைத் திருப்பிச் செய்வான், அதற்கடுத்தவன் எல்லாம் தன் பிறப்புரிமை என்று நினைப்பான். நம் ஊர் ஜவுளிக்கடைகளையும் பஸ் கம்பெனிகளையும் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் அவர் வருஷத்தை எண்ணவில்லை, எதை நேரில் பார்த்தார்கள் என்பதைத்தான் எண்ணினார். நமக்கும் அதுதான் வேண்டும்.

அடுத்து இன்னும் முக்கியமானது. ஒரே வருஷம் பிறந்ததால் ஒரே தலைமுறை ஆகிவிட மாட்டார்கள். கார்ல் மான்ஹைம் என்ற சமூகவியலாளர் 1928லேயே இதை எழுதிவிட்டார், ஒரே சம்பவத்தில் பங்கு இருந்தால்தான் தலைமுறை என்று. சின்னத் தாத்தாவோடு அதே 1945ல் பிறந்த அவருடைய பங்காளி வீட்டுப் பெண்ணிடம் 1965 பற்றிக் கேட்டேன். "பஸ் ஓடல, அதனால பொறந்த வீட்டுக்குப் போக முடியல" என்றார், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த மொழிப் போராட்டம். மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர் அவர். கீழத்தெருவுக்குப் போய்க் கேட்டபோது 1965 யாருக்கும் நினைவில் இல்லை, எந்த வருஷம் டீக்கடையில் உட்கார்ந்து குடித்தோம், எந்த வருஷம் கண்மாயில் தண்ணீர் எடுத்தோம் என்பதுதான் அங்கே வரலாறு. அந்த வருஷங்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. உங்கள் நோட்டில் வெறும் ஆம்பளைகளும் ஒரே தெருக்காரர்களும் இருந்தால் அது பாதி நோட்டுதான், தயவுசெய்து மீதியையும் எழுதுங்கள்.

மறந்துபோன வருஷத்தைக் குறிப்பது

கடைசி வரிசை இது. ஒவ்வொரு சம்பவத்துக்கும், அதை நேரில் பார்த்தவர்களில் கடைசி ஆள் எப்போது போனார் அல்லது இன்னும் யார் இருக்கிறார் என்று குறியுங்கள். இதைச் செய்யும்போதுதான் நமக்கு அவசரமே வரும். தண்ணீர் எங்கே தேங்கும், எந்த ஓடை எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்த கிழவர் போன பிறகு அந்த இடத்தில் பிளாட் போடுவது சுலபமாகிவிடுகிறது. 2015ல் சென்னையில் வெள்ளம் புகுந்த பல இடங்கள் முன்பு ஏரியும் ஏரி உள்வாயுமாக இருந்தவை, வீடு வாங்கியவர்களுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. எங்கள் கண்மாயில் கடைசியாக மடை திறந்து பழகிய நீர்ப்பாய்ச்சி இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இப்போது எந்த மடைக்கு எந்த வயல் என்று தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான், அவருக்கும் காது கேட்கவில்லை. போன மாசம் அவரைக் கண்மாய்க்கரையில் நடக்க வைத்து, கையால் காட்டச் சொல்லிப் படம் எடுத்து வைத்தோம். உங்கள் நோட்டில் இப்படி ஒரே ஒரு பெயர் மட்டும் மிஞ்சிய கட்டத்தைச் சிவப்பில் வட்டம் போட்டு, முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போங்கள். வெற்றிலையோ பழமோ வாங்கிக்கொண்டு போங்கள், போனை மேசைமேல் வைத்துப் பதிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இடையில் திருத்தாதீர்கள். வருஷம் தப்பாகச் சொன்னால் வீட்டுக்கு வந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

நோட்டின் வலது ஓரத்தில் சில கட்டங்கள் காலியாக இருக்கும். இப்போது 15 முதல் 25 வயதில் இருப்பவர்களின் கட்டங்கள் அவை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 1.8 ஆகிவிட்டது, அதனால் இந்தத் தலைமுறை அதிகாரத்துக்கு வரும் 2050 வாக்கில் அவர்களைவிட மூத்தவர்கள்தான் எண்ணிக்கையில் கூடியிருப்பார்கள். முன்னால் எந்தத் தமிழ்த் தலைமுறையும் பார்க்காத நிலைமை அது. அவர்களுக்குள் எது உறைந்திருக்கிறது என்று நாம் ஊகித்து எழுதக் கூடாது, அவர்கள் கையாலேயே எழுத வேண்டும். என் மகள் 2006ல் பிறந்தவள், 2021ல் பத்தாம் வகுப்புத் தேர்வே எழுதாமல் எல்லாரும் பாஸ் ஆன வருஷத்துப் பிள்ளை. நோட்டை அவளிடம் கொடுத்து, 15 வயதுக் கட்டத்தில் உனக்கு எது பெரிதோ அதை எழுது என்றேன். கொரோனா என்றுதான் எழுதுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பென்சிலை வைத்துவிட்டுப் பேனா எடுத்து எழுதினாள்: "வீட்டில் ஒரே போன். தம்பிக்கு கிளாஸ் இருந்தால் எனக்கு இல்லை."